பதினான்காம் எண்

அக்டோபர் 9, புதன்

வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. மூன்று நாளாகத் தெறிக்கிறது. நுண்ணுயிரியலில் முனைவர் பட்டமும் இருபத்தாறு ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தும், எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். குளிர்ச்சியாக இருக்கிறது.

“எலுமிச்சம்பழத்துக்குள்ள விரல வச்சுக்கிட்டு கிருமியப் பத்திப் பேசுத ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான் நாயகி,” என்றார் என் கணவர் பிரமநாயகம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் பிசகுகளைக் கண்டுபிடிப்பதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நாளை ஆய்வகத்தில் ஆயுத பூசை. என் பங்குக்குத் திரட்டுப்பால் கிண்டினேன். உருட்டுவதற்குப் பழத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டேன். நெய்க் கையில் அது வழுக்கி எங்கோ போய்விட்டது. பிறகு தாம்பாளத்தின் ஓரத்தில் கிடைத்தது. நாற்பது உருண்டை. ஃபிரிட்ஜில் தோசை மாவு உட்கார்ந்திருந்ததால் அடுப்பு மேடையிலேயே மூடி வைத்தேன். திரட்டுப்பால் கெடாது.

இருபத்தைந்தாம் தேதி கோயம்புத்தூர் மாநாட்டில் பேச வேண்டும். தலைப்பு, ‘ஒரே நஞ்சு, வேறு வேறு உடல்கள்’. படங்களை வரிசைப்படுத்தியாயிற்று.

அக்டோபர் 10, வியாழன்

ஆய்வகத்துக்குள் எதையும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது என்று கதவில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் அந்தத் தாளின் மேலேயே மாவிலை கட்டிவிடுவதால் எழுத்து தெரியாது. மரபணுவை நகலெடுக்கும் பிசிஆர் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம். மாதிரிகளை உறைய வைக்கும் பெட்டிக்கு மாலை. தள்ளுவண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். வீட்டிலிருந்து என் விரலோடு வந்ததல்ல, வேறு.

துப்புரவுப் பணியாளர் மாடத்தி தூக்குவாளி நிறையச் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவள் விற்கிற அதே கொண்டைக்கடலைச் சுண்டல். எல்லாருக்கும் கப்பில் போட்டுக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். பிறகு சாப்பிடலாம் என்று மேசையில் வைத்தேன்.

அவள் காலையிலிருந்து விரதம். திரட்டுப்பால் உருண்டையை நானே அவள் கையில் வைத்தேன். “இன்னொண்ணு எடுத்துக்கோ மாடத்தி, வெறும் வயிறா இருக்க,” என்று இரண்டாவதும் மூன்றாவதும் வற்புறுத்திக் கொடுத்தேன். நான் அந்த மாதிரி வேற்றுமை பாராட்டுகிறவள் அல்ல.

மாலை நான்கு மணி. ஆய்வகத் தொழில்நுட்பர் இன்னாசிமுத்து தொலைபேசியில் அழைத்தார். நான்கு பேருக்கு வாந்தி. ஐந்தாவதாக மாடத்தி; அவளுக்கு நிற்கவே இல்லையாம்.

அக்டோபர் 11, வெள்ளி

விடுமுறை. மாடத்தியை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. விரல் இன்று தேவலை, சீழ் வெளியேறிவிட்டது.

அக்டோபர் 12, சனி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. திரைச்சீலைகளைத் துவைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

டீன் விசாரணைக் குழு அமைத்தார். நுண்ணுயிரியல் துறைத் தலைவர் என்ற முறையில் தலைவர் நானே. பன்னிரண்டு பேர் சாப்பிட்டோம். நான்கு பேருக்கு வாந்தி. ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. மாடத்தி ஆபத்தில். மீதி இருவர் நானும் இன்னாசியும்.

“வீட்டுச் சாப்பாடு உள்ள வந்தது எப்படி? யார் கொண்டுவந்தது?” என்றார் டீன். எல்லாரும் சுண்டலைச் சொன்னார்கள். திரட்டுப்பாலும் ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது என்பது யார் நினைவுக்கும் வரவில்லை. துறைத் தலைவர் வீடு, வீட்டுக் கணக்கில் சேராது போலும்.

“மேடம், நீங்க சுண்டல் சாப்பிட்டீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“பல்வலி.”

டீன் முகம் மலர்ந்தது. “அப்ப முடிஞ்சு போச்சு. மேடம் இனிப்பு மட்டும் சாப்பிட்டாங்க, மேடத்துக்கு ஒண்ணும் ஆகல. சுண்டல்தான்.”

கதவோரம் நின்ற இன்னாசி தொண்டையைச் செருமினார். “சார், எனக்குச் சர்க்கரை. இனிப்பத் தொடல. சுண்டல் மூணு கப்பு தின்னேன். கல்லு மாதிரி இருக்கேன்.”

“உடம்புக்கு உடம்பு வேறுபடும் இன்னாசி. நம்ம மேடமே இதைத்தான ஊர் ஊராப் போய்ப் பேசுறாங்க,” என்றார் டீன். எல்லாரும் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள்.

ஆக, எனக்கு ஒன்றும் ஆகாதது சான்று. இன்னாசிக்கு ஒன்றும் ஆகாதது விதிவிலக்கு. இருபது ஆண்டுகளாக நான் எதிர்த்துப் பேசி வருகிற வாதம் இது. முதலாண்டு மாணவன் தேர்வில் எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். கையெழுத்துப் போட்டேன்.

மாடத்திக்குப் பதிலாக வேறு ஆள் அனுப்பும்படி ஒப்பந்தக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பொம்பள சுண்டலா? நானும் வாங்கித் தின்னுருக்கேன்வே. நல்ல காலம்.”

செய்தி என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

மாடத்தி கண் விழித்தாளாம். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா என்றார் இவர். கூட்டம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

அக்டோபர் 16, புதன்

இன்னாசி ஒரு தட்டை ஏந்திக்கொண்டு அறைக்குள் வந்தார். கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டு.

“அன்னைக்கு மிஞ்சினத ரெண்டையும் ஃபிரிட்ஜுல எடுத்து வச்சேன் மேடம். பழக்கதோசம். திங்கக்கிழமை தட்டுல தேச்சுப் பாத்தேன். சுண்டல்ல ஒண்ணும் சொல்லிக்கிடுத மாதிரி இல்ல. இது திரட்டுப்பால்.”

தட்டு முழுக்கத் தங்க நிறத்தில் குண்டு குண்டாகக் கிருமி. பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடலாம். மனிதர் மூக்கிலும் சீழ்க்கட்டியிலும் குடியிருப்பது. பாலும் சர்க்கரையும் கிடைத்தால் ஓர் இரவில் நஞ்சு காய்ச்சி வைத்துவிடும்.

“நல்ல வளர்ச்சி,” என்றேன். வேறு என்ன சொல்ல.

“நம்ம சேகரிப்போட ஒப்பிட்டுப் பாக்கட்டா?”

சென்ற ஆண்டு கல்லூரி ஊழியர்கள் முப்பத்தெட்டு பேரிடம் மூக்குச் சளியும் ரத்தமும் எடுத்தோம். யார் மூக்கில் எந்தக் கிருமி, யார் ரத்தம் அதன் நஞ்சுக்கு எப்படிப் பொங்குகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. எல்லாருக்கும் எண் உண்டு, பெயர் கிடையாது. எண்ணுக்குரிய பெயர்கள் என் பீரோவில், என் சாவியின் கீழ்.

“பாருங்க,” என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பொருந்திவிட்டது. “பதினாலாம் நம்பரு, மேடம். மரபணு அச்சு அசலா ஒண்ணு. பதினாலு யாருன்னு பாத்துச் சொன்னியன்னா, பாவம், மாடத்தி பேரு நீங்கிரும்.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அரசு மருத்துவமனையில் இருக்கிற என் பழைய மாணவி மாலையில் பேசினாள். மாடத்தி பிழைத்துவிட்டாள், திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். “ஆனா மேடம், இது சாதாரண வாந்தி கேஸ் மாதிரி இல்ல. உடம்பெல்லாம் வெந்த மாதிரி சிவந்துருச்சு. பிரஷர் விழுந்துருச்சு. அதே சாப்பாட்டுல மத்தவங்க ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இவங்களுக்கு மட்டும் ஏன்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அரசு எனக்கு ஐந்து ஆண்டுகளாக நிதி தருகிறது. “சொல்ல முடியாதும்மா, உடம்புவாகு,” என்றேன்.

மாநாட்டில் சொல்லப்போவதை இங்கேயாவது எழுதிவைக்கலாம். உடம்புக்குள் ஓர் அந்நியப் பொருள் நுழைந்தால், ஒரு செல் அதன் துணுக்கைக் கையில் ஏந்தி இன்னொரு செல்லிடம் காட்டும். அது உற்றுப் பார்த்து, தனக்குத் தெரிந்த எதிரி என்றால் மட்டும் சண்டைக்குப் போகும். பல்லாயிரத்தில் ஒன்றுக்குத்தான் அடையாளம் தெரியும். இந்தக் கிருமியின் நஞ்சு அந்த விசாரணைக்கு நிற்பதில்லை. சம்பந்தி வீட்டார் இருவரைக் கோத்துவிடும் மூன்றாம் ஆளைப் போல, துணுக்கைப் பார்க்கவே விடாமல் இரண்டு செல்களையும் பக்கவாட்டில் பிணைத்துவிடும். ஐந்தில் ஒரு செல் காரணம் தெரியாமல் சண்டைக்குக் கிளம்பும். ஆளைக் கவிழ்ப்பது நஞ்சு மட்டுமல்ல, அந்தச் சண்டையும்தான். ஏந்துகிற கையின் வடிவம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஆளுக்கு ஆள் வேறு. சிலர் கையில் நஞ்சு ஒட்டாமல் நழுவும். சிலர் கையில் பசை போலப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் விசாரணைக் குழுவும் ஏறக்குறைய இதே முறையில்தான் இயங்கியது.

அக்டோபர் 19, சனி

பீரோ சாவியை எங்கோ வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

“சாவி உன் கைப்பையில வழக்கமா வைக்கிற இடத்துலதான் இருக்கு,” என்றார் இவர். நன்றி சொன்னேன்.

மாநாட்டுப் படங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பதினோராவது படம்தான் எப்போதும் கைதட்டல் வாங்குவது. முப்பத்தெட்டு பேரின் ரத்தம் அதே நஞ்சுக்குக் காட்டிய எதிர்வினை. ஒன்பதாம் எண்ணின் கோடு மட்டும் மற்றவர்களைப் போல நாற்பது மடங்கு உயர்ந்து படத்தின் மேல்விளிம்பை முட்டி நிற்கும். ஆய்வகத்தில் அதற்குப் ‘பொதிகை மலை’ என்று பெயர். நான் வைத்ததுதான். “இது எங்கள் பொதிகை மலை” என்று நான் சொன்னதும் அவையில் சிரிப்பு எழும். டில்லியில்கூடச் சிரித்தார்கள்.

பதினான்காம் எண் வயக்காடு போலத் தட்டை. நஞ்சை ஊற்றினாலும் ஒன்றும் உறைக்காத ரத்தம்.

ஒன்பது யார் என்று பார்க்க எனக்குச் சாவி தேவையில்லை. அன்று ரத்தம் எடுத்தபோது, “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லம்மா,” என்று சொல்லிவிட்டு, கொடுத்த பிஸ்கட்டில் பாதியை மகளுக்கென்று தாளில் மடித்துக்கொண்டாள். முடிவைக் கொடையாளரிடம் தெரிவிக்கத் தேவையில்லை என்று ஒப்புதல் படிவத்தில் தெளிவாக இருக்கிறது. படிவத்தை எழுதியவள் நான்.

அக்டோபர் 21, திங்கள்

ஒப்பந்தக்காரர் அனுப்பிய புதிய பெண் வந்தாள். எந்தக் குப்பை எந்தத் தொட்டியில் என்று கேட்டாள். கிருமி பட்டது மஞ்சள் பையில், சாப்பாட்டு மிச்சம் பச்சைத் தொட்டியில் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒருமுறை திரும்பச் சொல்லிக் காட்டினாள். சரி என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்னாசி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சாவி கிடைச்சுதா மேடம்?”

“தேடிக்கிட்டிருக்கேன்.”

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போன வருசம் முப்பத்தெட்டு மூக்குலயும் பஞ்சுக்குச்சி விட்டது நான்தான மேடம். பதினாலாவது மூக்கு தும்மி என் கண்ணாடியக் கீழ தள்ளிட்டு. எப்படி மறக்கும்?”

எனக்கும் நினைவிருக்கிறது. புதிய கண்ணாடி.

“அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டீங்க?”

“நான் சொன்னா ‘உடம்புக்கு உடம்பு மாறும் இன்னாசி’ம்பாவ. நீங்க சொன்னா கேப்பாவ. அதான், ஒரு நாலு நாளு இருந்து பாப்போம்னு இருந்தேன்.” பிறகு என் வலது கையைப் பார்த்தார். “வெரலு ஆறிட்டுது போல.”

ஆறிவிட்டது.

அக்டோபர் 23, புதன்

டீனிடம் போய்ச் சொன்னேன். கிருமி பதினான்காம் எண்ணுடையது என்றும், பதினான்காம் எண் நான் என்றும், விரலில் நகச்சுற்றோடு உருட்டினேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மேடம், அடுத்த மாசம் அங்கீகாரக் குழு வருது. கிருமித் துறைத் தலைவரே கிருமியப் பரப்பினாங்கன்னு ஃபைல்ல இருந்தா எப்படி இருக்கும்?”

“உண்மையா இருக்கும்.”

“உண்மையை யார் வேண்டாம்னா? சுண்டலும் வேண்டாம், திரட்டுப்பாலும் வேண்டாம். தண்ணீர்னு போட்டுருவோம். தண்ணீருக்கு யாரும் வருத்தப்படப் போறதில்ல. அந்தம்மாவையும் மறுபடி எடுத்துக்கலாம், கருணை அடிப்படையில.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதை எழுதும்போதும் அப்படித்தான் படுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். திருத்திய அறிக்கையை நாளை மறுநாள் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். கோயம்புத்தூருக்கு வர இயலவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். காரணம்: உடல்நலக் குறைவு. மறுபடியும் பல்வலி என்று போட வந்த கையை நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

மாடத்தி வீட்டுக்குப் போனேன். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, தண்ணீரால் வந்த வினை என்று சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன்.

ஒரே அறை. மாடத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி ஆள் ஆகியிருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்துகொண்டிருந்தது. அவள் மகள் இசக்கி, துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்கம்மா,” என்றாள் மாடத்தி. “பல்லு தேவலையா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“பல்வலின்னு சொன்னீயளாமே. இன்னாசி அண்ணன் சொன்னாவ.”

“தேவலை,” என்றேன். வேலையைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் என்று சொன்னேன்.

இசக்கி முந்திக்கொண்டாள். “எந்தத் தண்ணி டாக்டரம்மா? அங்க குடிச்சது பூரா கேன் தண்ணி.”

“சும்மா இரிட்டி,” என்றாள் மாடத்தி. “வேலை கெடக்கட்டும்மா. நாலு வீட்டுல பாத்திரம் தேச்சாலும் கஞ்சி குடிச்சிருவேன். என் கைச் சாப்பாட்ட விசம்னுட்டாவல்லா. இருவது வருசமா அந்த ஸ்டாப்புல வாளிய எறக்கி வைக்கதுக்குள்ள வித்துரும். நேத்து இவ கொண்டு போனா. அப்படியே திரும்பக் கொண்டாந்தா. ஒருத்தரு, ‘இன்னும் எத்தன பேர ஆசுபத்திரிக்கு அனுப்பப் போறிய’ன்னு கேட்டாராம். தண்ணின்னு நீங்க எழுதினா அந்த ஸ்டாப்புல யாரு நம்புவா?”

யாரும் நம்பமாட்டார்கள். அறிக்கைகளின் மேல் ஊர் வைத்திருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும்.

அப்போது சொன்னேன். சுண்டல் இல்லை, திரட்டுப்பால்தான், என் விரல்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொரு முறை இதே நஞ்சு அவள் வயிற்றுக்குள் போனால் பிழைப்பாள் என்பதற்கு உறுதி கிடையாது. ஆகவே அதையும் சொன்னேன். அவள் ரத்தத்தின் வாகு அப்படி. மற்றவர்களுக்கு வாந்தியோடு போவது அவளுக்கு உயிர்வரை வரும். சீழ்க்கட்டி உள்ளவர் கைபட்டதைத் தின்னக் கூடாது. காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும்.

“இது எப்பம்மா தெரிஞ்சுது?”

“போன வருசம் ரத்தம் எடுத்தோமே.”

“அப்பவேவா?”

“அப்பவே.”

இசக்கி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. மாடத்தி தன் உள்ளங்கையில் உரிந்த தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பாயின் ஓரத்தில் வைத்தாள்.

“இவளுக்கும் அந்த வாகு இருக்குமாம்மா?”

“இருக்கலாம். பார்த்துச் சொல்றேன். இந்தத் தடவை சொல்றேன்.”

விடைபெற்று எழுந்தபோது மாடத்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“பூசையன்னைக்கு மத்தியானம், வயித்தக் கலக்குதுன்னு சொல்லதுக்கு முன்ன, லேப ஒரு தடவ கூட்டினேம்மா. நீங்க சுண்டலு சாப்பிடாதது எனக்குத் தெரியும். இத்தன வருசமா என் கையால ஒண்ணும் சாப்பிட மாட்டிய, அது தெரிஞ்சதுதான். கப்போட கெடந்துச்சு. ஆனா மஞ்சப் பையில போட்டிருந்தீய.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “சாப்பாடு பச்சத் தொட்டியில போடணும், கிருமி பட்டதுதான் மஞ்சப் பையின்னு சொல்லித் தந்ததே நீங்கதானம்மா.”

ஆரஞ்சுப் பையை நாற்காலியில் வைத்தேனா, கையிலேயே கொண்டுவந்தேனா என்று வீட்டுக்கு வரும்வரை தெரியவில்லை. கையில்தான் இருந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

கோயம்புத்தூரில் இந்நேரம் என் இடத்தில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

அறிக்கையைக் காலையில் நானே தட்டச்சு செய்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. நகல் இங்கே:

‘திரட்டுப்பாலை நான் செய்தேன். அப்போது என் விரலில் சீழ் இருந்தது. அதில் வளர்ந்த கிருமி என்னுடையது. சுண்டலில் குற்றமில்லை. பணியாளர் மாடத்தியின் உடல் இந்த நஞ்சுக்கு அதிகம் பொங்கும் என்பது எனக்கு ஓராண்டாகத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. இவ்வளவையும் அவர் ஒப்புதலோடு எழுதுகிறேன். சுண்டலை நான் சாப்பிடாததைச் சான்றாகக் கொண்டது பிழை. எனக்குப் பல்வலி இருக்கவில்லை.’

ஒப்புதல் கேட்க நேற்று போன வழியிலேயே இன்று காலையில் மறுபடி போனேன். “எழுதிக்கிடுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க,” என்றாள் மாடத்தி. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பேருந்து நிறுத்தத்துத் தூணில் இன்னாசி ஒட்டினார். அவராகவே செய்த காரியங்களுக்கு நடுவே, நான் சொல்லிச் செய்தது இது ஒன்றுதான்.

டீன் நெடுநேரம் படித்தார். அங்கீகாரக் குழுவைப் பற்றிப் பேசினார். என் ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று விசாரித்தார். தூணில் ஒட்டியாயிற்று என்று சொன்னதும், தலையைப் பிடித்துக்கொண்டு, சரி, ஒரே ஒரு திருத்தமாவது செய்யுங்கள் என்றார்.

“அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே மேடம். மத்ததெல்லாம் அறிவியல். பல்வலி இதுல எங்க வருது?”

அந்த வரியை விட்டுவிட்டுப் படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே மிக நல்ல அறிக்கை. மாநாட்டில்கூட வாசிக்கலாம்.

எடுக்கவில்லை.